தொட்டிக் கடலில் உப்பு

ஏழாம் வகுப்பில் ஒருநாள் அறிவியல் டீச்சர், கடலை நேரில் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். ஓசூர்ப் பிள்ளைகளுக்குக் கடல் என்பது புத்தகத்தில் நீலமாக அச்சடித்த ஒரு பக்கம்தான். ஏழெட்டுக் கைகள் எழுந்தன. என் கை மேசைக்கு அடியிலேயே இருந்தது. மற்றவர்களுக்கு இல்லாத வெட்கம் எனக்கு மட்டும் இருந்தது. ஏனென்றால் என் அம்மா கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள்.

அப்பாவுக்கு ராயக்கோட்டைப் பக்கம். தக்காளி போடுகிற குடும்பத்தில் பிறந்து, ஐடிஐ படித்துவிட்டு, கடலூர்ப் பக்கத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறைக்கு வேலைக்குப் போனவர். அங்கே இரண்டு வருடத்தில் எத்தனை எஞ்சினைச் சரிசெய்தாரோ தெரியாது, அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பி வந்தார். பிறகு ஓசூர்த் தொழிற்பேட்டையில் வண்டிக் கதவுகளுக்குக் கீலும் பூட்டும் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அவருக்குச் சோதனைப் பிரிவில் வேலை. செய்த கீல் எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பதற்காக, அதை ஒரு பெட்டிக்குள் வைத்து உப்புத் தண்ணீரைப் புகைபோல அடித்துக்கொண்டே இருப்பார்களாம். எது முதலில் துருப்பிடிக்கிறது என்று குறித்து வைப்பது அப்பாவின் பொறுப்பு.

நாங்கள் இருந்தது எட்டு வீடுகள் கொண்ட லைன் வீட்டில். மதுரை, திருநெல்வேலி, விழுப்புரம் என்று ஆளுக்கொரு ஊர். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பே பையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பஸ் நிலையத்துக்கு ஓடிவிடுவார்கள். நாங்கள் அப்பா ஊருக்குப் போய்ப் பொங்கல் தின்றுவிட்டு மறுநாளே வந்துவிடுவோம். அம்மா ஊருக்குப் போனதே இல்லை. கேட்டால், அம்மா ஊரைக் கடல் எடுத்துக்கொண்டது என்பார் அப்பா. பாகலூர் சாலையை அகலப்படுத்தியபோது என் தோழி வீட்டு முன்பக்கத்தை ரோடு எடுத்துக்கொண்டது. இடித்த இடத்தில் சுவரெழுப்பி, வெள்ளையடித்து, அவர்கள் பாட்டுக்குக் குடியிருந்தார்கள். அதைப்போல இதுவும் ஒன்று என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"அப்ப கடலையாவது பாத்துட்டு வரலாம்மா" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"போயி எதப் பாக்குறது? தண்ணியத்தான?" என்பாள் அம்மா. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஒருமுறை ஓசூர் ரயில் நிலையத்துக்கு யாரையோ வழியனுப்பப் போனபோது, மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருந்ததை அம்மா நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். "அவ்ளோ ஒசரத்துலயா இருக்கோம்?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா பலகையைப் பார்க்காமலே ஆமாம் என்றார். அந்த வருடம்தான் அறிவியல் கண்காட்சி வந்தது.

பள்ளியில் முதல் பரிசு பெற்றால் கிருஷ்ணகிரியில் மாவட்டக் கண்காட்சி. அங்கே ஜெயித்தால் சென்னையில் மாநிலக் கண்காட்சி. முன்பு சென்னைக்குப் போன அக்காக்களைக் கடற்கரைக்கும் கூட்டிப்போனார்கள் என்று டீச்சர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். எனக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. கடல் எப்படி இயங்குகிறது என்பதை மாதிரியாகச் செய்துகாட்டுகிறேன் என்று எழுந்து நின்று பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். எப்படி இயங்குகிறது என்று எனக்குத் தெரியாது. அதற்கு அப்பா இருக்கிறார் என்ற தைரியம்தான்.

அப்பா இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கட்டினார். நான்கு அடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி. பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய லாரி வைப்பர் மோட்டார், அதை ஓட்ட ஸ்கூட்டர் பேட்டரி. மோட்டார் ஒரு பலகையை முன்னும் பின்னும் தள்ள, பலகை தண்ணீரைத் தள்ளும். மழையில் கண்ணாடி துடைக்க வேகம் இரண்டு உண்டல்லவா, அதைப்போலவே இதற்கும் ஒரு சுவிட்சு வைத்தார்; ஒரு பக்கம் மெதுவாக, மறுபக்கம் வேகமாக. பலகை தொங்குவதற்குக் கடையில் வாங்கிய சாதாரண இரும்புக் கீல். கம்பெனியில் கீல் மலைபோலக் கிடந்தாலும் அங்கிருந்து ஒரு திருகாணிகூட வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்.

முதல்முறை ஓட்டிப் பார்த்தபோது தண்ணீர் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் மோதிக் குழம்பியது. வெங்காயம் நறுக்கிய கையோடு அம்மா வந்து நின்று பார்த்தாள்.

"இது அலையில்ல. தண்ணியப் புடிச்சி ஆட்டுறீங்க" என்றாள். "கரை எங்க? ஏறி வர்றதுக்கு ஒரு சரிவு வேணும்ல?"

பக்கத்தில் வீடு கட்டும் இடத்தில் கேட்டு அப்பா மணல் கொண்டுவந்தார். தொட்டியின் மறுமுனையில் அம்மா அதைச் சரிவாக அணைத்துக் கொடுத்தாள். மறுபடி மோட்டாரைப் போட்டதும், இந்த முனையில் புரண்ட தண்ணீர் வரிவரியாகப் போய், மணலை நெருங்க நெருங்க நிமிர்ந்து, தலை கவிழ்ந்து உடைந்தது. நான் கத்தியே விட்டேன். அப்பாவும் வாயைத் திறந்தபடி நின்றார்.

"ஆழத்துல சும்மா ஏறி எறங்கிக்கிட்டுதான் வரும்" என்றாள் அம்மா. "கரைகிட்ட வந்தா அடிப்பக்கம் தரையில தட்டும். மேல்பக்கம் நிக்காம முந்திக்கிட்டு வுழும். அவ்ளோதான் அலை."

ஒரு தெர்மகோல் உருண்டையைத் தண்ணீரில் போட்டேன். அலை அதைத் தள்ளிக்கொண்டு கரையில் சேர்த்துவிடும் என்று நினைத்தேன். அலை வந்தது, உருண்டை ஏறியது. அலை போனது, உருண்டை இறங்கி ஏறக்குறைய பழைய இடத்திலேயே நின்றது. பத்து அலைகள் போன பிறகும் அது நடுத்தொட்டியில்தான் இருந்தது. அப்பாவுக்கே அது விளங்கவில்லை.

"அலைதான் போவுது. தண்ணி அங்கியேதான் கெடக்குது" என்றாள் அம்மா.

அதை அப்படியே புத்தக நடைக்கு மாற்றி அட்டையில் எழுதிக்கொண்டேன். கடல் ஏறி வடிகிற ஓதத்துக்கு அப்பா ஒரு வழி செய்தார். ஒரு வாளித் தண்ணீரை ரப்பர்க் குழாயால் தொட்டியோடு இணைத்து, வாளியின்மேல் காகித நிலா ஒட்டிக் கயிற்றில் தொங்கவிட்டார். நிலாவை உயர்த்தினால் தொட்டியில் தண்ணீர் மட்டம் ஏறும், தாழ்த்தினால் வடியும். ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இரண்டு தரம் என்றும், இன்றைக்கு ஏறிய நேரத்திலிருந்து நாளைக்கு முக்கால் மணிக்கு மேல் தள்ளித்தான் ஏறும் என்றும் அம்மா சொன்னாள். இதையெல்லாம் அவள் அடுப்படியிலிருந்தே, புளியைக் கரைத்துக்கொண்டே சொன்னாள்.

நீரோட்டத்துக்கு மை கலந்த பனிக்கட்டியைப் போட்டோம். குளிர்ந்த நீலத் தண்ணீர் கீழே இறங்கி, தரையோடு தரையாக மெல்ல ஓடியது. இப்படித்தான் பெருங்கடலில் ஓடுமாம், புத்தகத்தில் இருந்தது. கரையோரத்திலும் ஓடுமா என்று கேட்டேன்.

"ஓடாம? ஆறு மாசம் வடக்க இழுக்கும், ஆறு மாசம் தெக்க இழுக்கும். மண்ணும் கூடவே போவும், வரும். மண்ணு ஓரிடத்துல நிக்காது பாப்பா. தெக்க போற மண்ணு கொஞ்சம், வடக்க போறது அதிகம். நடுவுல கல்லக் கொட்டி மறிச்சிட்டாங்கன்னா, மறிச்ச பக்கம் மண்ணு மேடாவும். இந்தப் பக்கம் வர்றதுக்கு மண்ணு இல்லாம…" என்றவள் பால் பொங்குகிறது என்று எழுந்து போனாள். நான் வாக்கியம் முடியாததால் அதை அட்டையில் எழுதவில்லை.

பள்ளியில் முதல் பரிசு கிடைத்தது. கிருஷ்ணகிரிக் கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தது. தொட்டியை வடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்றார் அப்பா. எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு அடுப்படியும்தான்.

"இருக்கட்டும். எறைக்க வேணாம். எனக்கு ஒண்ணும் எடைஞ்சல் இல்ல" என்றாள் அம்மா.

ஆக, நாங்கள் கடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வீட்டுக்கார அம்மா வாடகை விஷயமாக வந்தவர் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதரல்லி மீனு இல்வா?" என்று கன்னடத்தில் கேட்டார். மீன் இல்லாத தொட்டி எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. "நீரு மாத்ரா", தண்ணீர் மட்டும்தான் என்று அம்மா தனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொல்லிச் சிரித்தாள்.

அந்த மாதம் அப்பாவுக்கு இரண்டாம் ஷிஃப்ட். மதியம் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். நான் பள்ளி விட்டு வரும்போது சில நாள் மோட்டார் தொட்டால் சுடும். அம்மாவிடம் கேட்டால், "ஓடாம கெடந்தா கெட்டுப்போவும்ல" என்பாள். நியாயமாகத்தான் பட்டது. கல் உப்பு வாங்கிவர என்னைக் கடைக்கு அனுப்பினாள். ஒரு வாரத்தில் மறுபடி அனுப்பினாள். கடைக்காரர், "என்ன பாப்பா, மாங்கா ஊறுகாயா?" என்று கேட்டதற்கு, சீசன் இல்லாத நேரம் என்றுகூட யோசிக்காமல் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். தொட்டிக் கண்ணாடியின் மேல்விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஓசூர் போர்வெல் தண்ணீர் படும் எந்தப் பாத்திரத்திலும் வெள்ளை பூக்கும். அதனால் அதையும் நான் சந்தேகப்படவில்லை. கீலில் நல்லெண்ணெய் வாசம் அடித்தது. அதற்கு மட்டும் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை, தேடவும் இல்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் அப்பாவுக்கு ஓவர்டைம். அம்மாவே தண்ணீரை இறைத்து, தொட்டியைத் துடைத்து, பலகையையும் கீலையும் பழைய சேலையில் சுற்றிக் கட்டி வைத்திருந்தாள். காலையில் ராயக்கோட்டைத் தக்காளியை இறக்கிவிட்டு வந்த பெரியப்பாவின் வேனில் ஏற்றி, நானும் அப்பாவும் கிருஷ்ணகிரிக்குப் போனோம். அம்மா வாசலில் நின்று, "பத்திரமாப் போயிட்டு வாங்க" என்றாள். அவள் தொட்டியைப் பார்த்துத்தான் சொன்னாள் என்று எனக்குத் தோன்றியது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் தொட்டியை நிரப்பி, மணலை அணைத்து, நிலாவைக் கட்டித் தொங்கவிட்டோம். நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்த மூக்குக் கண்ணாடிக்காரர், "அலையோட தண்ணியும் நகருமாம்மா?" என்று கேட்டார். நகராது சார், அலைதான் நகரும், செய்து காட்டுகிறேன் என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டுத் தெர்மகோல் உருண்டையைப் போட்டேன். அப்பா சுவிட்சைத் தட்டினார்.

மோட்டார் முனகியது. பலகை அரை விரற்கடை அசைந்து நின்றது. தள்ளுகிற கம்பி வளைந்தது. கருகிய வாசனையோடு ஃபியூஸ் போயிற்று. உருண்டை, நான் சொன்னபடியே, இருந்த இடத்தில் இருந்தது.

நடுவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். சரிசெய்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லி அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள். அப்பா குனிந்து கீலைப் பார்த்தார். அது ஒரு கீலாகவே இல்லை; செங்கல்பொடியை உருட்டி வைத்ததுபோல் இருந்தது. அவர் நகத்தால் சுரண்டினார். விரலை நாக்கில் வைத்தார். பிறகு நிமிர்ந்து மண்டபத்தின் கூரையைப் பார்த்தார்.

நானும் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு.

சரிசெய்ய முடியவில்லை. நடுவர் திரும்பி வந்தபோது அப்பா, "என் தப்புங்க சார். மட்டமான கீலு போட்டுட்டேன்" என்றார். வாழ்நாளெல்லாம் கீலைச் சோதித்துக்கொண்டிருந்த மனுஷர், அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொன்னார்.

திரும்பும் வழியில் சூளகிரி தாண்டும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். "கம்முனு வா கண்ணு" என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போன பிறகு, "வூட்ல போயி உங்கம்மாவ ஒண்ணுங் கேக்கக் கூடாது" என்றார்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் கேட்டேன். கேட்டேன் என்பது சரியில்லை, கத்தினேன். உப்பு போட்டியா, ஏன் போட்டாய், கடற்கரையில் பிறந்தவளுக்கு உப்பு இரும்பைத் தின்னும் என்றுகூடத் தெரியாதா என்றேன்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தெரியும்" என்றாள். "தெனமும் எண்ண தடவிக்கிட்டுதான் இருந்தேன். மூணு வாரத்துல தின்னுடும்னு நெனைக்கல."

"எதுக்குப் போட்ட?"

"வெறுந் தண்ணியில… அந்த வாசம் வரலடி."

"நான் சென்னைக்குப் போயிருப்பேன். கடலைப் பாத்திருப்பேன். நீயும் கூட்டிட்டுப் போக மாட்ட, போறவளையும் கெடுத்துட்ட!"

அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டேன், ஜடை பின்னினால் தலையைக் கொடுத்தேன். பேச்சு மட்டும் இல்லை. தொட்டி காலியாக, கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு சிறு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே வெள்ளியைப்போல் மின்னும் ஒரு கீல். கம்பெனியில் உப்புப் பெட்டிக்குள் பல நாள் கிடந்தும் ஒரு புள்ளித் துருகூடப் பிடிக்காத சாம்பிள் அது. சோதனை முடிந்து ஒதுக்கிய துண்டு என்றாலும் கேட்டு வாங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை. இதற்காகச் சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறார். வளைந்த கம்பியை நிமிர்த்தினார், மோட்டாரைப் பிரித்துத் துடைத்தார், புதுக் கீலைப் பூட்டினார். தொட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துக் குடம்குடமாகத் தண்ணீர் ஊற்றினார்.

கோபத்தை மறந்து கேட்டேன்: "இப்ப எதுக்குப்பா? அதான் கண்காட்சி முடிஞ்சிபோச்சே?"

"சும்மாதான கெடக்குது" என்றார்.

பிறகு அடுப்படிக்குப் போய் உப்புச் சாடியை எடுத்துவந்து, கை கையாக அள்ளித் தொட்டியில் போட்டுக் கலக்கினார். அம்மா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். "இந்தா, நீ பாரு. போதுமா?" என்றார் அப்பா. அவள் விரல்நுனியைத் தண்ணீரில் வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம்" என்றாள்.

அப்பா இன்னும் இரண்டு கை போட்டார். பெரியவர்களுக்குப் பைத்தியம் பிடித்தால் இருவருக்கும் சேர்ந்தே பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் வெளியே விளையாடப் போய்விட்டேன்.

ஒரு வாரம் கழித்து, ஏதோ கூட்டம் என்று பள்ளியைப் பாதியில் விட்டார்கள். மதியமே வீட்டுக்கு வந்தேன். கதவு சாத்தியிருக்கவில்லை. அம்மா தொட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மோட்டார் மெதுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மணல் சரிவின்மேல் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்திருந்தாள். ஒன்றுக்கொன்று கொஞ்சம் இடம் விட்டு, நடுவில் ஒரு சந்துபோல வழி விட்டு, இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் ஐந்து. ஒவ்வொரு அலையும் வந்து சரிவின் அடியிலிருந்து கொஞ்சம் மணலை எடுத்துக்கொண்டு போயிற்று. முன்வரிசைக் கொட்டை ஒன்று சாய்ந்து தண்ணீருக்குள் உருண்டது. அம்மா அதை எடுத்து, முந்தானையில் துடைத்து, பின்னால் தள்ளி மேட்டில் வைத்தாள். அடுத்தது சாய்ந்தது. அதையும் எடுத்துத் துடைத்து வைத்தாள். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எண்ணுகிறாள் என்று நினைத்தேன். எண்கள் மாதிரி இல்லை. ஆட்களின் பெயர்கள் மாதிரி இருந்தது.

எனக்கு அது நல்ல விளையாட்டாகப் பட்டது. அதோடு, சென்னை போகாத கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பின்னாலிருந்து ஓசைப்படாமல் போய், சுவிட்சை மறுபக்கம் தட்டினேன்.

பலகை படபடவென்று அடித்தது. இரண்டு அலை, மூன்று அலை. மணல் மேடு அப்படியே உட்கார்ந்தது. வரிசை கலைந்து கொட்டைகள் எல்லாம் ஒரே வாரலில் தண்ணீருக்குள் போயின. நான் கைதட்டிச் சிரித்தேன்.

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் அவளும் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். எட்டி மோட்டாரை நிறுத்தினாள். தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்து, கையை விட்டுத் துழாவி, கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

"மறுபடி வைம்மா, நான் அலை விடுறேன்" என்றேன். பத்து நாளில் அவளிடம் நானாகப் பேசிய முதல் வார்த்தை அது.

"போதும்டி. பசிக்கும் ஒனக்கு" என்று எழுந்தாள். எட்டுக் கொட்டைகளைச் சாளர ஓரத்தில் உலர வைத்தாள். ஒன்றை மட்டும் உள்ளங்கையில் மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். இடது கையாலேயே சோறு போட்டாள். வலது கையைத் திறக்கவே இல்லை.

ஒரு புளியங்கொட்டை ஆட்டத்தில் தோற்றதற்கா இப்படி முகத்தை வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்தபடியே, நான் தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டு முடித்தேன்.